கல்லில் ஏறிய கிரேக்க ஞானி

மைசூர் சமஸ்தானத்துப் பிரஜைகள் அனைவருக்கும், அவர்களுக்குப் பின்னால் வரப்போகும் சந்ததியாருக்கும் இதனால் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம், தசராவுக்குப் பதினொரு நாள் இருக்கையில், காலை எட்டரை மணி சுமாருக்கு, மனித குலத்தின் ஞான பொக்கிஷத்தையே ஆட்டம் காண வைத்த ஒரு விபரீதம் வெளிச்சத்துக்கு வந்தது. கொலை அல்ல. கொள்ளை அல்ல. ஒரு கிரேக்கரைக் காணவில்லை.

"எப்போதிலேர்ந்து காணோம்?" என்று கேட்டார் ரத்தினசாமி.

"ரெண்டாயிரம் வருஷமா இருக்கும்" என்றார் நம்பி.

மூலையில் பெஞ்சில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்த பழனிமுத்து நிமிர்ந்து பார்த்தான். "ஏனுங்க சாமி, போலீசுல சொல்லிப் பாத்தீங்களா?"

சந்தேபேட்டையில் ஒரு காபி கிளப்பின் மாடியில் இருந்தது ரத்தினசாமியின் துப்பறியும் ஆபீஸ். அதற்கு முன்னால் அவர் பத்தொன்பது வருஷம் கோலார் தங்கவயலில் வாசல் காவல் பார்த்தவர். வாயில் தங்கத்தை அடக்கிக்கொண்டு சுரங்கத்திலிருந்து வெளியே வருகிறவனை, அவன் வணக்கம் சொல்கிற அழகை வைத்தே பிடித்துவிடுவார். மைசூருக்கு வந்த பிறகு தங்கத்தை அடக்கிக்கொண்டு வருகிறவர்கள் குறைந்து, தற்பெருமையை அடக்க முடியாமல் வருகிறவர்கள் அதிகமானார்கள். தொழில் அதே தொழில்தான்.

பழனிமுத்து அவருடைய உதவியாள். ஹனூர்ப் பக்கத்துக்காரன், வயது முப்பத்தெட்டு. சொந்தமாக ஒரு ஜட்காவும், 'திவான்' என்ற பெயரில் ஒரு குதிரையும் வைத்திருந்தான். ஏன் அந்தப் பெயர் என்று யார் கேட்டாலும், "மனுக் குடுத்தாத்தானுங்க நகரும்" என்பான்.

நம்பி மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். லக்ஷ்மிபுரத்தில் புதிதாக ஒரு வாசகசாலை கட்டியிருக்கிறது. நம்பி அதற்குக் குமாஸ்தா. வாசகசாலைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறைகளில்தான் அவரும் அவர் மனைவி லக்ஷ்மம்மாவும் மூன்று குழந்தைகளும் குடியிருக்கிறார்கள். இன்று சாயங்காலம் நாலு மணிக்குத் திறப்பு விழா. வாசல் மேல் ஒரு கல். கல்லில் ஒரு பொன்மொழி. பொன்மொழியின் கீழே ஒரு ஞானியின் பெயர். நேற்று மாலை ஒரு மனிதர் வந்து கல்லைப் பார்த்து, "இப்படி ஒரு ஞானி எந்த நூலில் இருக்கிறார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

"பொன்மொழியை எடுத்துக் கொடுத்தது நான்தான் ஸார். நாலு மணிக்குள்ளே அது இருக்கிற புஸ்தகத்தைக் கொண்டுவரணும்னு, கட்டடம் கட்டின அமல்தார் சொல்லிட்டார். இல்லேன்னா வேலை போயிடும். வேலை போனா வீடும் போயிடும். லக்ஷ்மம்மா நேத்து ராத்திரியே பாத்திரத்தை எல்லாம் மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டா."

ரத்தினசாமி எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "முதல்ல கல்லைப் பார்ப்போம். கல்லு பொய் சொல்லாது. எழுதச் சொன்னவன்தான் சொல்லுவான்."

ஜட்கா கிளம்பிச் சின்ன கடியாரம் என்கிற மணிக்கூண்டு வரைக்கும் ஒழுங்காகப் போயிற்று. அங்கே திவான் நின்றுவிட்டது. தசராவுக்காகக் கம்பங்களுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நம்பி பொறுக்க முடியாமல் குதித்து இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்து இழுத்தார். திவான் நாலு கால்களையும் ஊன்றிக்கொண்டு மேலே வானத்தைப் பார்த்தது.

"விடுங்க சாமி, அதுக்குக் கோபம் வந்துரும்" என்று சொல்லிப் பழனிமுத்து இறங்கினான். மடியில் முடிந்து வைத்திருந்த மண்டியா வெல்லப் பொட்டலத்தை வழக்கம்போல் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான்; திவானின் மூக்கு விடைத்தது. குதிரைக்கு முன்னால் போய், திரும்பிப் பார்க்காமல் நடந்தான். பத்தடி போவதற்குள் பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது.

ரத்தினசாமி வண்டிக்குள்ளிருந்தே இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசகசாலை வாசலில் 'ராஜகார்ய பிரசக்த' பட்டம் பெற்ற செலுவநாராயணன் நின்றிருந்தார். மூன்று தாலுக்காக்களில் அமல்தாராக இருந்து, மூன்றிலும் தன் பெயரில் ஒரு வீதி இருக்கும்படி பார்த்துக்கொண்டவர். ஓய்வு பெற்ற பிறகு வீதி கிடைக்காததால் வாசகசாலை கட்டினார். உள்ளே புத்தகங்கள் இன்னும் வரவில்லை. அவருடைய படம் வந்துவிட்டது.

அவரே துணியை விலக்கிக் கல்லைக் காட்டினார். கன்னடத்தில் வெட்டியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'இழுப்பவனுக்கு உலகம் அசையாது. முன்னே நடப்பவனுக்கு அது தானே பின்னே வரும். — கிரேக்க மகாஞானி பெலிஸ்டோகரஸ்.'

பழனிமுத்துவுக்கு எழுத்து வாசனை கிடையாது. ரத்தினசாமி மெதுவாக மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்டு, "நல்லாத்தானுங்க இருக்குது. பெரிய எடத்து வாக்கு" என்று ஒப்புக்கொண்டான்.

"வெட்டறதுக்கு முன்னாடி யாரும் புஸ்தகத்தைக் கேக்கலையா?" என்றார் ரத்தினசாமி.

"கேட்க என்ன இருக்கிறது?" என்றார் அமல்தார். "வாசித்த மாத்திரத்திலேயே இது சாமானியன் சொன்னதல்ல என்று தெரியவில்லையா? நானே காலேஜ் நாளில் மூலத்திலேயே வாசித்திருக்கிறேன்."

"எந்த பாஷையில?"

"மூலத்தில்" என்றார் அமல்தார். பிறகு நம்பியின் பக்கம் திரும்பினார். "ஓய், நீர் எழுதிக் கொடுத்தீர், நான் வெட்டச் சொன்னேன். அரண்மனையிலிருந்து பெரியவர் வருகிறார். அவர் முன்னால் அந்த மனுஷன் எழுந்து கேள்வி கேட்டு என் மானம் போனால், ராத்திரிச் சாப்பாடு உமக்கு இந்தக் கட்டடத்தில் கிடையாது."

"கேள்வி கேட்டது யாரு?" என்றார் ரத்தினசாமி.

"மல்லப்பன். தத்துவ புரொபசர். இந்த வாசகசாலைக்கு அவர்தான் தலைவராக வரவேண்டும் என்று அவரே தீர்மானம் போட்டார். நான் கட்டடத்தைப் போட்டேன்."

நம்பி பின்னறையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். பத்திரிகையில் கண்ட நல்ல வாக்கியங்களையெல்லாம் வெட்டி அதில் ஒட்டி வைப்பது அவர் பழக்கம். பெலிஸ்டோகரஸ் முப்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முந்திய ஒரு கூட்டத்துச் செய்தி. மேல்பாதியைக் காணோம்.

"பேசினவர் பேர் எங்கே?"

"அதை வெட்டி எறிஞ்சுட்டேன் ஸார். பேசினவர் யாரா இருந்தா என்ன, சொன்னவர் ஞானியாச்சேன்னு."

ரத்தினசாமி மிச்சத்தை உரக்கப் படித்தார். 'உபந்நியாசகர் கிரேக்க மூலத்திலிருந்து மேற்கண்டவாறு எடுத்துக்காட்டிய பிறகு, மேலும் சொல்ல நேரமில்லை என்று தெரிவித்து, மேலும் முக்கால் மணி நேரம் பேசினார்.'

"அட, இது மல்லப்பனய்யாவுங்க" என்றான் பழனிமுத்து.

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நேரமில்லைன்னு அவரு சொன்னதும் சனமெல்லாம் செருப்பைத் தேட ஆரம்பிச்சுது. நான் வெளிய வண்டியோட நின்னுட்டு இருந்தேனுங்க. அப்புறமேலு குதிரைக்கு ரெண்டு தடவை தீனி வெச்சேன். மைசூர்ல அப்படிப் பேசறவரு வேற ஆருங்க?"

"பெலிஸ்டோகரஸ் இல்லைன்னு சொல்றவர்தான் பெலிஸ்டோகரஸை ஊருக்குக் கூட்டிட்டு வந்திருக்கார்" என்றார் ரத்தினசாமி. "பழனி, வண்டியை எடு."

புரொபசர் மல்லப்பனின் வீட்டில் நாலு சுவர்களிலும் புத்தகங்கள் இருந்தன. பாதிக்கு மேல் ஏடுகள் இன்னும் வெட்டப்படாமல், கடையிலிருந்து வந்த கற்போடு இருந்தன. அவர் மெட்ராஸில் படித்தவர். அங்கே பாடப் புத்தகத்தில் கற்ற தமிழையே இன்றும் பேசினார்.

"அப்படி ஒரு ஞானி உலகத்தில் பிறக்கவே இல்லை, மிஸ்டர் ரத்தினசாமி. நான் இரண்டு வருஷங்கள் தேடியிருக்கிறேன்."

"ஏன் தேடினீங்க?"

மல்லப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குள் ரத்தினசாமி கத்தரித்த செய்தியை மேஜைமேல் வைத்துவிட்டார். மல்லப்பன் அதைப் படித்தார். முக்கால் மணி நேரம் என்ற இடத்தில் மட்டும் முகம் சுளித்தார்.

"நான் சொன்னது உண்மைதான்" என்றார் கடைசியில். "மறுநாள் ஒரு மாணவன் வந்து எந்த நூல் என்று கேட்டான். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. இப்போது அதே பள்ளத்தில் செலுவநாராயணன் விழுந்திருக்கிறார். அதுவும் கல்லோடு. இந்த ஆனந்தத்தை நான் எப்படி விடுவேன்? நாலு மணிக்கு முதல் வரிசையில் உட்காருவேன். எழுந்து கேட்பேன்."

"நீங்க பேசினதை நாங்க காட்டினா?"

"அந்தத் துண்டில் என் பெயர் எங்கே இருக்கிறது?" என்று மல்லப்பன் சிரித்தார். "வண்டிக்காரன் சாட்சியா?"

"நம்பிக்கு வேலை போயிடும் சார். மூணு பிள்ளைங்க."

"வருத்தமான விஷயம்" என்றார் மல்லப்பன், வருத்தத்தை வேறு யாராவது படட்டும் என்கிற மாதிரி. "தத்துவத்தில் பிழைக்கு இடமில்லை."

இந்தப் பேச்சு நடக்கும்போது பழனிமுத்துவுக்குச் செய்ய ஒன்றுமில்லை. அவன் குப்பைக்கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் செருப்பைப் போடும்போது ரத்தினசாமியின் காதருகே குனிந்தான்.

"ஏனுங்க சார், அந்தக் கூடையில கெடக்கற தேதியெல்லாம் காலே இல்லாமக் கெடக்குதுங்களே, பாத்தீங்களா?"

"என்னது?"

"சுவத்துல தினம் ஒண்ணாக் கிழிக்கற காலண்டர் மாட்டியிருக்குதுங்களே. கிழிச்ச காயிதத்துல மேல தேதி இருக்குது. அடியில மட்டும் கத்திரியில நறுக்கி எடுத்திருக்குதுங்க."

ரத்தினசாமி குடையை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்ப உள்ளே போனார். அவர் குடை கொண்டுவந்ததே கிடையாது. வெளியே வந்தபோது அவர் கையில் கால் இல்லாத ஒரு புதன்கிழமை இருந்தது.

"தேதிக்குக் கீழே என்ன போடுவாங்க, பழனி?"

"ராகு காலமுங்க."

"அது மேலே இருக்கு. கீழே பொன்மொழி. நம்ம புரொபசர் கிரேக்க மூலத்தைச் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டியிருக்கார். தினம் ஒரு தாள் கிழிக்கிறார், கீழே நறுக்கி நோட்டுல ஒட்டிக்கிறார். காலண்டர் அட்டையில அச்சுக்கூடத்துப் பேரு இருக்கு. கெம்பையன் அச்சுக்கூடம். நம்ம காபி கிளப்புக்கு எதிர் சந்து."

கெம்பையன் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அச்சுக்கூடத்தில் அச்சுக் கோக்கும் சித்தையன் மட்டும் இருந்தார். ஐம்பது வயது, மெலிந்த உடம்பு. கட்டை விரல் மட்டும் பிறந்ததிலிருந்தே கறுப்பு என்று நினைக்கும்படி மையேறி இருந்தது. ரத்தினசாமி பெலிஸ்டோகரஸ் என்ற பெயரைச் சொன்னதும் அவர் முகத்தில் நெடுநாள் பிரிந்த உறவினரைப் பற்றிக் கேட்டது போன்ற மலர்ச்சி உண்டாயிற்று.

"முப்பத்தி நாலாம் வருஷத்துக் காலண்டர், ஸ்வாமி. மார்ச்சு மாசம். ஏன், அவருக்கு என்ன ஆச்சு?"

"அவரு யாரு?"

"நோடி ஸ்வாமி, பாருங்க, வருஷத்துக்கு முந்நூத்தறுபத்தஞ்சு தேதி. தேதிக்கு ஒரு பொன்மொழி வேணும்னு முதலாளி ஒரு புஸ்தகம் வாங்கிக் கொடுத்தார். அதிலே இருநூறுதான் இருந்தது."

"மீதி?"

"மீதியும் தேதிதானே. வெள்ளையா விட முடியுமா?" சித்தையன் கோக்கும் கட்டையை எடுத்துக் காட்டினார். அவர் குரலில் ஒரு தொழிற்காரரின் கௌரவம் வந்துவிட்டது. "வாக்கியம் முடிஞ்சதும் கீழே பேர் வரணும். பேர் வாக்கியத்துக்குத் தகுந்த அகலத்துக்கு நிக்கணும், இல்லேன்னா பார்க்க அசிங்கமா இருக்கும். சின்ன வாக்கியம்னா 'சீன ஞானி'. அதுக்குக் கொஞ்சம் பெரிசுன்னா 'பாரசீகப் பெரியார்'. ரெண்டு வரி முழுசா வந்துட்டா 'கிரேக்க மகாஞானி', அதுவும் பேரோட."

"ஞானி எந்த தேசத்துல பொறக்கணுங்கறதை நிர்ணயம் பண்றது—"

"அகலம், ஸ்வாமி."

"ஏனுங்க, நம்ம நாட்டு ஞானி ஒருத்தரும் பொறக்கலீங்களா?" என்றான் பழனிமுத்து.

"அவங்க பேரைப் போட்டா யாராவது புஸ்தகத்தைத் திறந்து பார்த்துடுவாங்க" என்றார் சித்தையன்.

"பெலிஸ்டோகரஸ்ங்கிற பேரு?" என்றார் ரத்தினசாமி.

சித்தையன் ஜன்னலைக் காட்டினார். ஜன்னல் விளிம்பில் அச்சு யந்திரத்துக்கு ஊற்றும் சீமை எண்ணெய் டின் ஒன்று நெளிந்துபோய் இருந்தது. அதன் மேல் 'பெலிஸ்டோ' என்று போட்டிருந்தது. "அதை அப்படியே வச்சேன். அப்பவும் அரை அங்குலம் பாக்கி நின்னது. 'கரஸ்' சேர்த்தேன். கச்சிதமா உட்கார்ந்துட்டார்."

ரத்தினசாமி டின்னைக் கையில் எடுத்து, கோலாரில் தங்கத்தைப் பார்த்ததுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ அந்த வாக்கியமும் உம்முடையதுதான்."

"அல்ல ஸ்வாமி. நூத்தி அறுபத்தி நாலு நானே யோசிச்சது. இது ஒண்ணு மட்டும் கேட்டது." சித்தையன் மோவாயைத் தடவினார். மோவாய் கறுத்தது. "ஒரு நாள் பலத்த மழை. ஸ்டேஷன்லேர்ந்து ஒரு ஜட்காவிலே வந்தேன். சின்ன கடியாரத்துக்கிட்டே குதிரை நின்னுபோச்சு. அவசரத்திலே நானே இறங்கி இழுத்தேன். வண்டிக்காரன் கோணியைத் தலையிலே போட்டிருந்தான், முகம் தெரியலே. அவன் சொன்னான்: 'இழுத்தா அசையாதுங்க. முன்னால நடந்தம்னா பொறவால தானா வருமுங்க.' சொன்னபடியே வந்தது. குதிரைக்கு என்னமோ பெரிய உத்தியோகப் பேரு..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே திவான் கனைத்தது.

பழனிமுத்து ஜன்னலையும் சித்தையனையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் குதிரையைத்தானுங்க சொன்னேன்" என்றான் மெதுவாக. "ஒலகம்னு சொல்லவே இல்லீங்களே."

"குதிரைன்னு போட்டா கொள்ளு வியாபாரி விளம்பரம் மாதிரி இருக்கும்" என்றார் சித்தையன். "அதான் உலகம்னு மாத்தினேன்."

"காலையில நீ நடந்ததைப் பார்த்தேன்" என்றார் ரத்தினசாமி. "கல்லைப் படிச்சதும் சந்தேகம் வந்துது. கிரேக்கத்துல ஜட்கா உண்டான்னு தெரியாம பேசாம இருந்தேன்."

மனிதனுக்குப் பெருமை தலைக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்பதைச் சாஸ்திரக்காரர்கள் கணக்கிட்டுச் சொன்னதில்லை. பழனிமுத்துவுக்கு அரை நிமிஷம் ஆயிற்று. அவன் தலைப்பாகையை அவிழ்த்து உதறி மறுபடியும் கட்டிக்கொண்டான். முன்னைவிடப் பெரிதாகக் கட்டினான்.

"அப்பக் கல்லுல எம்பேருதானுங்க இருக்கோணும். ஹனூர் பழனிமுத்துன்னு. எங்கூர்ல இருந்து சனத்தை வண்டி கட்டிக் கூட்டியாந்து காட்டோணும். அந்த டப்பாப் பேரை மொதல்ல செதுக்கி எடுக்கச் சொல்லுங்க சார்."

"சொல்லலாம். உன்னோட வாக்கு, உனக்குப் பாத்தியதை உண்டு. நாலு மணிக்கு அமல்தார்கிட்ட போய், இது வண்டிக்காரன் தன் குதிரையைப் பத்திச் சொன்னதுன்னு சொல்லிடுவோம். உனக்குக் கல்லு. நம்பிக்குத் தெரு."

பழனிமுத்துவின் கை தலைப்பாகைக்குப் போயிற்று. நம்பி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் லக்ஷ்மம்மா ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைப்பாள். குதிரைக்கும் ஒரு வாளித் தண்ணீர் தனியாக வரும். குதிரையை மதிக்கிறவர்கள் அந்தத் தெருவில் வேறு யாரும் இல்லை. அவன் தலைப்பாகையை அவிழ்த்துப் பழைய அளவுக்குக் கட்டினான்.

"கெரகம். டப்பாப் பேரே இருந்துட்டுப் போவுட்டுமுங்க" என்றான். "ஆனாப் புஸ்தகத்துக்கு எங்கீங்க போறது?"

"புஸ்தகம் இங்கேதான் இருக்கு. சித்தையா, உம்ம நூத்தி அறுபத்தஞ்சு வாக்கியத்துக்கும் பிழை திருத்தின தாள் வச்சிருக்கீரா?"

"ஆணியிலே குத்தி வச்சிருக்கேன் ஸ்வாமி. என்னுடையதாச்சே."

"அளவா வெட்டித் தைச்சு ஒரு அட்டை போடும். முன்பக்கம் ஒண்ணு மட்டும் புதுசாக் கோத்துக்கும். ஆனா ஒரு நிபந்தனை. அதுல ஒரு பொய்கூட இருக்கக் கூடாது. 'பெலிஸ்டோகரஸ் பொன்மொழிகள். தொகுத்தவர் சித்தையன். கெம்பையன் அச்சுக்கூடம், மைசூர்.' பெலிஸ்டோகரஸ்ங்கறது ஆளா, எண்ணெயான்னு நாம எங்கேயும் சொல்லலை."

சித்தையனின் கண்கள் பளபளத்தன. முப்பது வருஷமாக எல்லோருடைய பெயரையும் கோத்தவர், தன் பெயரை ஒரு தடவைகூடக் கோத்ததில்லை. இருந்தாலும் வயிற்றைத் தடவிக் காட்டினார். "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலே. முதலாளி சாவியையும் எடுத்துண்டு கல்யாணத்துக்குப் போயிட்டார், கடையை விட்டு நகர முடியாது."

பழனிமுத்து மடியை அவிழ்த்து வெல்லப் பொட்டலத்தை அப்படியே அவர் முன்னால் வைத்தான். சித்தையன் ஒரு கையால் வெல்லத்தைக் கடித்துக்கொண்டு மறு கையால் எழுத்துப் பொறுக்கினார். மூன்றரை மணிக்குப் பசை காய்ந்தது. வெல்லமும் தீர்ந்தது.

திறப்பு விழாவுக்கு அரண்மனையிலிருந்து வந்த பெரியவர் நடுநாற்காலியில் ஜரிகைத் தலைப்பாகையோடு அமர்ந்திருந்தார். அமல்தார் வரவேற்புரையில் தன் வாழ்க்கை வரலாற்றைப் பிறப்பிலிருந்து ஆரம்பித்து இரண்டாவது தாலுக்கா வரைக்கும் கொண்டுவந்தபோது, முதல் வரிசையில் புரொபசர் மல்லப்பன் எழுந்தார்.

"சபையோர் மன்னிக்க வேண்டும். கல்லில் பொறித்த வாக்கு எந்த நூலில் இருக்கிறது என்று அடியேன் அறியலாமா?"

அமல்தார் நம்பியைப் பார்த்தார். நம்பி தூணோரம் நின்ற ரத்தினசாமியைப் பார்த்தார். பிறகு மேல்துண்டுக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினார். புது அட்டையின் விறைப்பில் புத்தகம் தானாகவே முதல் பக்கத்தில் திறந்துகொண்டது.

மல்லப்பன் வாங்கினார். முதல் பக்கத்தைப் படித்தார். புரட்டினார். பத்தாம் பக்கத்தில் ஒரு சீன ஞானி. போன வருஷம் பெங்களூரில் அவரை மேற்கோள் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார். பதினான்காம் பக்கத்தில் ஒரு பாரசீகப் பெரியார். அவரைச் சொந்த மகனின் கல்யாணத்திலேயே எடுத்துக்காட்டியிருக்கிறார். கடைசியில் முப்பத்தி நாலாம் வருஷத்துக் கிரேக்கர், அகலத்துக்குக் கச்சிதமாக உட்கார்ந்திருந்தார். எந்தச் சுவரில் தொங்கிய சரக்கு இது என்று மல்லப்பனுக்குப் புரிந்துவிட்டது. அதைச் சபையில் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

தூணோரம் நின்ற ரத்தினசாமி தன் கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விசிறிக்கொள்ள ஆரம்பித்தார். புதன்கிழமை. கால் இல்லை.

மல்லப்பன் வாயை மூடினார். மறுபடியும் திறந்தார்.

"இதே பதிப்பைத்தான் நான் இரண்டு வருஷங்களாகத் தேடிக்கொண்டிருந்தேன்" என்றார். "எனக்குத் திருப்தி."

"அபூர்வமான நூல்" என்றார் அரண்மனைப் பெரியவர், நாற்காலியிலிருந்து நகராமல். "சீமையில் இருந்தபோது நான் மூலத்திலேயே வாசித்திருக்கிறேன். மொழிபெயர்ப்பில் அந்த அழகு வராது."

அமல்தார் துணியை இழுத்தார். கைதட்டல் எழுந்தது. நம்பி மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பின்வாசல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த லக்ஷ்மம்மா உள்ளே போனாள். சற்று நேரத்தில் மூட்டையிலிருந்து பாத்திரங்கள் வெளியே வரும் சத்தம் கேட்டது. அமல்தாரின் மூன்றாவது தாலுக்காவுக்கு அது பக்கமேளம்போல் அமைந்தது.

விழா முடிந்ததும் அமல்தார் நம்பியைக் கூப்பிட்டு, புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டும்படி உத்தரவிட்டார். யாரும் தொட்டுக் கெடுத்துவிடக் கூடாதாம். வாசகசாலையின் முதல் புத்தகம் அது. அதை யாரும் வாசிக்க முடியாது என்பது அன்றே உறுதியாயிற்று.

ஐந்தரை மணிக்கு ஜட்கா சந்தேபேட்டைக்குத் திரும்பியது. பழனிமுத்து முகத்தில் ஒரு சாந்தம் இருந்தது. பெயர் கல்லில் இல்லாவிட்டால் என்ன, வாக்கு இருக்கிறது. ஜரிகைத் தலைப்பாகையே ஆமோதித்த வாக்கு.

"ஏனுங்க சார், டப்பாவோட பேருதான் இருக்குது. ஆனா நான் சொன்னது நெசந்தானுங்களே? அமல்தார், புரொபசர், அரண்மனைக்காரரு அத்தனை பேரும் நெசம்னுதானே சொன்னாங்க?"

"அத்தனை பேரும் மூலத்துல படிச்சவங்க" என்றார் ரத்தினசாமி.

சின்ன கடியாரத்துக்கு அருகே திவான் நின்றது.

"ஞானியே, இறங்கும்" என்றார் ரத்தினசாமி.

பழனிமுத்து இறங்கினான். சாயம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் தூரிகையை நிறுத்தினார்கள். அவன் தோளில் துண்டைச் சரி செய்துகொண்டு, குதிரைக்கு முன்னால் போய், தலை நிமிர்ந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தான். பத்தடி நடந்தான். இருபதடி நடந்தான். வழக்கம்போல் மடியைத் தொட்டுப் பார்த்தான். முடிச்சு காலியாக இருந்தது.

குதிரை வரவில்லை.